ஜான் ஆப்ரகாம்: தமிழிலும் மலையாளத்திலும் படமெடுத்த ஒரு சுயாதீன இயக்குநரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் ஆப்ரகாமைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவர் படங்களைப் பார்த்தவர்களும் பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளையே எழுப்புகிறார்கள். பல ஆண்டுகளாக அவற்றுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுத்தில் தருகிறேன்.

ஜான் ஆப்ரகாம் யார்?

1937ஆம் ஆண்டு பிறந்து 1987ஆம் ஆண்டு மறைந்த திரைப்பட இயக்குநர். கேரளத்தின் குட்டநாட்டை வேராகக் கொண்ட சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். முழுநீளப் படங்கள் என்று அவர் எடுத்தவை நான்குதான். ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’ (1972), ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977), ‘செறியாச்சன்றெ க்ரூரகிருத்யங்கள்’ (1979), ‘அம்ம அறியான்’ (1986). இவற்றில் இரண்டாவது தமிழ்ப் படம், மற்ற மூன்றும் மலையாளம். இவை தவிர மாணவப் பருவக் குறும்படங்களும் மலையாளச் சிறுகதைகளும் உண்டு. பதினைந்தே ஆண்டுகளில் அடங்கிவிடும் இந்தச் சிறிய கணக்கை வைத்துக்கொண்டு, இந்தியாவில் சுயாதீன சினிமா என்று பேசும் எவரும் இவரைக் கடந்து செல்ல முடியாத இடத்தில் அவர் இருக்கிறார்.

இந்தி நடிகர் ஜான் ஆபிரகாமுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. பெயர் மட்டுமே ஒன்று. இணையத்தில் தேடும்போது படத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுவது நல்லது.

அவர் சினிமாவுக்கு எப்படி வந்தார்?

கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் படித்த காலத்தில் தாத்தாவின் பராமரிப்பில் இருந்தார். திருவல்லா மார்த்தோமா கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலை கிடைத்துப் பெல்லாரியில் பணியாற்றினார். அன்றைய நடுத்தரக் குடும்பங்களின் கணக்கில், மத்திய அரசு நிறுவனத்தில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டால் ஒருவனுடைய வாழ்க்கை கரையேறிவிட்டது என்று பொருள். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் புனே திரைப்படக் கல்லூரியில் அவர் சேர்ந்தார். பழைய பிரபாத் ஸ்டுடியோவின் வளாகத்தில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரிக்கு அப்போது பத்து வயதுகூட ஆகியிருக்கவில்லை. அங்கே படித்தவர்களுக்குத் தொழிலில் என்ன இடம் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத காலம் அது.

படிப்பை முடித்தபின் மணி கௌலின் முதல் படமான ‘உஸ்கி ரோட்டி’யில் (1969) உதவி இயக்குநராகப் பணியாற்றினார்.

ரித்விக் கட்டக்கின் மாணவர் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

உண்மைதான். வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் 1960களின் நடுவில் சிறிது காலம் புனே கல்லூரியில் துணை முதல்வராக இருந்து பாடம் நடத்தினார். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆப்ரகாம் ஆகிய மூவரும் அவரிடம் கற்றவர்கள். ஒரே ஆசிரியரிடமிருந்து வந்த இம்மூவரின் படங்களும் ஒன்றுக்கொன்று சற்றும் ஒத்திராதவை. கட்டக் எப்படிப்பட்ட ஆசிரியராக இருந்திருப்பார் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கட்டக்கிடமிருந்து ஜான் பெற்றவையாக இரண்டைச் சொல்லலாம். முதலாவது, சினிமா என்பது மக்களிடம் போய்ச் சேர ஒரு வழி என்ற எண்ணம். கட்டக் நாடக இயக்கத்திலிருந்து வந்தவர்; சினிமாவைவிட அதிகமான மக்களைச் சென்றடையும் ஊடகம் ஒன்று நாளை வருமானால் சினிமாவை உதறிவிட்டு அதற்குப் போய்விடுவேன் என்ற கருத்தைச் சொன்னவர். இரண்டாவது, தாய் என்னும் படிமம். தேசப் பிரிவினையால் வீட்டை இழந்த கட்டக்கின் படங்களில் தாய் என்பவள் ஒரு தனி மனுஷியாக மட்டும் நின்றுவிடாமல் மண்ணாகவும் தொன்மமாகவும் விரிந்துகொண்டே போவாள். ஜானின் கடைசிப் படம் தாய்க்கு எழுதும் கடிதமாக அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் படம் எப்படிப்பட்டது?

மாணவர்களை மையமாகக் கொண்ட ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’, அன்றைய மலையாள வணிக சினிமாவின் அமைப்புக்குள், அறியப்பட்ட நடிகர்களை வைத்து எடுக்கப்பட்டது. பின்னால் வந்த ஜானை அதில் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ராமச்சந்திர பாபு புனே கல்லூரியில் பயின்றவர். அவருக்கும் அதுவே முதல் படம். இசையமைத்தவர் எம்.பி. சீனிவாசன். இந்த இருவரும் அடுத்த படத்திலும் உடனிருந்தார்கள் என்பதே முதல் படத்தால் விளைந்த பெரிய நன்மை.

மலையாளியான அவர் தமிழில் படமெடுத்தது எப்படி?

அந்தக் காலத்தில் மலையாளப் படவுலகமே பெருமளவு சென்னையில்தான் இருந்தது என்பதை இன்றைய வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஸ்டுடியோ, லேப், எடிட்டிங் அறை, இசைப்பதிவுக் கூடம் என்று எல்லாவற்றுக்கும் மலையாளக் கலைஞர்கள் கோடம்பாக்கத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆகவே சென்னை ஜானுக்கு அந்நிய ஊராக இருக்கவில்லை.

மொழிக்கு அவருக்குத் துணை நின்றவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். ‘அக்ரஹாரத்தில் கழுதை’யின் திரைக்கதையை எழுதியவர் அவர்தான். தமிழ் இலக்கியச் சூழலில் எவருக்கும் பணிந்து எழுதாதவர் என்று பெயரெடுத்த அந்த விமர்சகரும், எந்த வட்டத்துக்குள்ளும் அடங்காத இந்த இயக்குநரும் சேர்ந்து உருவாக்கிய ஒரே படம் இது. மையப் பாத்திரமான பேராசிரியராக நடித்தவர் எம்.பி. சீனிவாசன். அவர் தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனவர். திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்தவர். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியவர். அக்ரஹாரத்தை உள்ளிருந்து அறிந்து, அதைவிட்டு வெளியே வந்த ஒரு மனிதரை அந்தப் பாத்திரத்தில் நிறுத்தியதில் இயக்குநரின் கூர்மை தெரிகிறது. அவர் தொழில்முறை நடிகர் அல்லர் என்பதால் அந்த முகத்தில் தயக்கமும் கூச்சமும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன; பாத்திரத்துக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

‘அக்ரஹாரத்தில் கழுதை’யின் கதை என்ன?

நகரத்துக் கல்லூரி ஒன்றில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் நாராயணசாமியின் வீட்டுக்குள், தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டி வந்துவிடுகிறது. அவர் அதை விரட்டாமல் வளர்க்கத் தொடங்குகிறார். கல்லூரியில் கேலி கிளம்புகிறது. முதல்வர் கூப்பிட்டு விசாரிக்கும் அளவுக்கு விஷயம் வளர்கிறது. வேறு வழியில்லாமல் அவர் குட்டியைத் தன் சொந்த ஊரான அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோய், உமா என்ற ஊமைப் பெண்ணின் பொறுப்பில் விட்டுவிட்டு வருகிறார்.

அதன் பிறகு ஊரில் நடக்கும் ஒவ்வொரு அசம்பாவிதத்துக்கும் கழுதையே காரணமாகிறது. சிறுவர்களின் விஷமத்துக்குக்கூடப் பழி அதன்மேல்தான் விழுகிறது. உமா ஒருவனால் ஏமாற்றப்பட்டுக் கர்ப்பமாகிறாள். இறந்து பிறந்த குழந்தையின் உடல் கோயிலுக்கு அருகே போடப்படுகிறது. அந்தத் தீட்டுக்கும் கழுதைமீதே குற்றம் சாட்டி அதை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். கொன்ற பிறகு நடப்பதுதான் படத்தின் உயிர். ஊரில் நல்லவை நடக்கத் தொடங்குகின்றன. காணாமல் போன மகன் திரும்பி வருகிறான். நடக்க முடியாதிருந்தவர் நடக்கிறார். உடனே, கொன்ற அதே மனிதர்கள் கொல்லப்பட்ட கழுதைக்குக் கோயில் கட்டத் தீர்மானிக்கிறார்கள். கடைசியில் கழுதையின் மண்டையோடும் தீயும் திரையை நிறைக்கின்றன. அக்ரஹாரம் எரிந்துபோக, பேராசிரியரும் உமாவும் மட்டும் எஞ்சுகிறார்கள்.

இந்தக் கதையை ஒரு சாதியின்மேல் வீசப்பட்ட கல்லாக மட்டும் பார்ப்பவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து. உயிரோடிருக்கும்போது அடித்துவிட்டு, செத்த பிறகு கும்பிடும் பழக்கம் எந்தத் தெருவுக்கும் தனியுரிமையாகிவிடவில்லை. அதேவேளை, இந்தப் படம் எல்லோரையும் பற்றியது என்று சொல்லி அதன் கூர்மையை மழுங்கச் செய்வதும் நேர்மையாகாது. தூய்மை, தீட்டு என்ற அளவுகோலை எந்தத் தெரு தன் வாழ்க்கை முறையாகவே வைத்திருந்ததோ, அந்தத் தெருவைத்தான் இயக்குநர் தேர்ந்தெடுத்தார், தெரிந்தே தேர்ந்தெடுத்தார்.

அது ராபர்ட் பிரெஸ்ஸானின் படத்தைத் தழுவியது என்கிறார்களே?

கழுதையை மையமாக வைத்துப் பிரெஸ்ஸான் எடுத்த பிரெஞ்சுப் படம் 1966ஆம் ஆண்டு வெளிவந்தது. திரைப்படக் கல்லூரியில் படித்த ஒருவர் அதை அறிந்திருப்பதில் வியப்பில்லை. தூண்டுதல் இருந்திருக்கலாம், தழுவல் என்பது பொருந்தாது. பிரெஸ்ஸானின் கழுதை ஒரு எஜமானிடமிருந்து இன்னொரு எஜமானிடம் கைமாறிக்கொண்டே போய், எல்லோருடைய குற்றங்களையும் மௌனமாகச் சுமந்து, கடைசியில் ஆட்டு மந்தைக்கு நடுவே படுத்து உயிர்விடுகிறது. படம் அங்கே முடிகிறது. ஜானின் படமோ கழுதை செத்த பிறகுதான் சூடுபிடிக்கிறது. பிரெஸ்ஸானிடம் இருப்பது ஒரு புனிதரின் வரலாறு. ஜானிடம் இருப்பது, ஒரு புனிதரைத் தயாரிக்கும் ஊரின் வரலாறு.

தேசிய விருது பெற்ற தமிழ்ப் படத்தைத் தமிழர்களே பார்க்காமல் போனது ஏன்?

1977ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இதுதான். ஆனாலும் வழக்கமான திரையரங்க வெளியீடு என்று சொல்லத்தக்க ஒன்று அதற்கு அமையவில்லை. பாட்டு, நடனம், நட்சத்திரம் எதுவும் இல்லாத கறுப்பு வெள்ளைப் படத்தை வாங்கித் திரையிட விநியோகஸ்தர்கள் முன்வரும் சூழல் அன்று இல்லை. பிராமணர் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பும் எழுந்தது. பின்னாளில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகவிருந்தபோதும், எதிர்ப்பின் காரணமாக அந்த ஒளிபரப்பு கைவிடப்பட்டது. விருதுப் பட்டியலில் பெயர் இருக்கிறது, பார்த்தவர்களைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது என்ற நிலை இப்படித்தான் உருவானது. திரைப்படச் சங்கங்கள் மட்டும் இல்லாதிருந்தால் அந்த எண்ணிக்கையும் கிடைத்திருக்காது.

‘செறியாச்சன்றெ க்ரூரகிருத்யங்கள்’ பற்றி அதிகம் பேசப்படுவதில்லையே?

பேசப்பட வேண்டிய படம். ‘செறியாச்சனின் கொடுஞ்செயல்கள்’ என்று தலைப்புக்குப் பொருள். குட்டநாட்டு நிலவுடைமைச் சூழலில், தான் செய்யாத கொடுமைகளுக்கும் தானே பொறுப்பு என்ற அச்சத்தில் சிதைந்துபோகும் ஒரு மனிதரின் கதை. போலீசுக்குப் பயந்து தென்னை மரத்தின்மேல் ஏறிக்கொள்ளும் செறியாச்சனாக நடித்தவர் அடூர் பாசி. மலையாளிகள் அதுவரை அவரைச் சிரிப்பு நடிகராகவே அறிந்திருந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிக்கப் பழகிய பார்வையாளர்களுக்கு முன்னால் அதே முகத்தைப் பயத்தில் வெளிறச் செய்தது துணிச்சலான காரியம். ஒளிப்பதிவு மது அம்பாட்.

ஒடேசா என்பது என்ன? பொதுமக்களிடம் பணம் திரட்டிப் படமெடுத்தது உண்மையா?

உண்மை. ஜானின் வாழ்க்கையில் மிக முக்கியமான செயல் இதுவே என்று கருதுகிறேன். அவரை வெறும் நல்ல இயக்குநர் என்ற நிலையிலிருந்து வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனது இதுதான்.

மூன்று படங்களுக்குப் பிறகு, தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் திரையரங்கும் மாறாதவரை சினிமாவும் மாறாது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். 1984ஆம் ஆண்டு கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு நண்பர்களுடன் சேர்ந்து ஒடேசா என்ற மக்கள் திரைப்பட இயக்கத்தைத் தொடங்கினார். குழுவினர் ஊர் ஊராகப் போனார்கள். பறையும் செண்டையும் கொட்டி ஆட்களைக் கூட்டினார்கள், தெருநாடகம் போட்டார்கள், பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரை வைத்துச் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைக் காட்டினார்கள். படம் முடிந்ததும், நாங்களும் ஒரு படம் எடுக்கப் போகிறோம், உங்களால் முடிந்ததைத் தாருங்கள் என்று துண்டை விரித்தார்கள். மௌனப் படத்துக்கு மொழி தேவையில்லை என்பதால் கூலித் தொழிலாளியும் குழந்தையும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பார்க்க முடிந்தது. எல்லோருக்கும் விளங்கும் ஒன்றை முதலில் கொடுத்துவிட்டு, அதன் பிறகே அவர்கள் கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்படிச் சேர்ந்த சில்லறையையும் நோட்டுகளையும் கொண்டு எடுக்கப்பட்டதுதான் ‘அம்ம அறியான்’. எடுத்து முடித்த பிறகும் அது கட்டணச் சீட்டு விற்கும் திரையரங்குகளுக்காகக் காத்திருக்கவில்லை. பணம் கொடுத்த ஊர்களுக்கே திரும்பிப் போய்த் திரையிடப்பட்டது.

இன்று இணையத்தில் நடக்கும் கூட்டுநிதித் திரட்டலுக்கு இதை முன்னோடி எனலாமா?

பணம் பலரிடமிருந்து வருகிறது என்ற அளவில் சொல்லலாம். ஆனால் வேறுபாடு பெரிது. இணையத்தில் பணம் தருபவர் பெரும்பாலும் சினிமாவை முன்பே அறிந்தவர். இயக்குநரின் பெயர் தெரிந்தவர். பதிலுக்குக் குறுந்தகடோ பெயர்ப்பட்டியலில் நன்றியோ எதிர்பார்ப்பவர். ஒடேசாவுக்குக் காசு போட்டவர்களில் பலருக்கு ஜான் ஆப்ரகாம் யாரென்றே தெரிந்திருக்காது. நிதி திரட்டும் பயணமே பார்வையாளர்களை உருவாக்கும் பயணமாகவும் இருந்தது. அந்த உழைப்பைத் தவிர்த்துவிட்டு நிதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறைக்கு ஒடேசாவின் பெயரைச் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

‘அம்ம அறியான்’ எதைப் பற்றிய படம்?

‘அம்மா அறிவதற்காக’ என்பது தலைப்பின் பொருள்; கடிதத்தின் தொடக்கம்போல ஒலிக்கும் தலைப்பு. வயநாட்டிலிருந்து டெல்லிக்குக் கிளம்பும் புருஷன் என்ற இளைஞன், தவறாமல் கடிதம் எழுதுவதாகத் தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறான். வழியில் அவன் வந்த ஜீப்பைப் போலீசார் நிறுத்துகிறார்கள். தூக்கில் தொங்கிய ஓர் இளைஞனின் உடலை எடுத்துப்போக வேண்டியிருக்கிறது. அந்த முகம் எங்கோ பார்த்த முகமாகப் புருஷனை உறுத்துகிறது. பயணத்தை விட்டுவிட்டு நண்பர்களைத் தேடிப் போய் விசாரித்தால், அது தபலா வாசிக்கும் ஹரி என்று தெரியவருகிறது. கொச்சியில் இருக்கும் ஹரியின் தாயிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதற்காகத் தொடங்கும் பயணத்தில், ஊருக்கு ஊர் ஹரியை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் இருவராகி, இருவர் கூட்டமாகி, சாவுச் செய்தி சுமந்து செல்வோர் ஓர் ஊர்வலமாகவே மாறிவிடுகிறார்கள்.

இந்தப் பயணத்துக்கு நடுநடுவே மருத்துவ மாணவர்களின் போராட்டம், கொச்சியை அடுத்த வைப்பின் தீவில் நேர்ந்த விஷச்சாராயச் சாவுகள் போன்ற அன்றைய கேரளத்தின் நிஜங்கள் ஆவணப்படத் தன்மையோடு வந்து கலக்கின்றன. நக்சல்பாரி இயக்கமும் நெருக்கடி நிலைக் காலச் சித்திரவதைகளும் விட்டுச்சென்ற தழும்புகள் ஆறாதிருந்த தலைமுறை அது. 1976ஆம் ஆண்டு கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் போலீஸ் காவலில் உயிரிழந்ததை அறிந்திருந்த பார்வையாளர்களுக்கு, ஹரி வெறும் கற்பனைப் பாத்திரமாகத் தெரிந்திருக்க மாட்டான்.

புருஷனாக நடித்தவர் ஜாய் மேத்யூ, ஒளிப்பதிவு வேணு, படத்தொகுப்பு பீனா. இந்தப் படத்துக்காகவும் சேர்த்து வேணுவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

அவருடைய குடிப்பழக்கம், நாடோடி வாழ்க்கை பற்றிய கதைகள் எல்லாம் உண்மையா?

அவர் மிகுதியாகக் குடித்தார், நிலையான வீடில்லாமல் நண்பர்களின் இடங்களில் தங்கி வாழ்ந்தார் என்பவை உண்மைதான். ஆனால் அந்தக் கதைகள் கேரளத்தில் படங்களைவிட வேகமாகப் பரவிவிட்டன. கலைஞன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவற்றைக் கொண்டாடுபவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. ஊர் ஊராகச் சென்று கணக்கு வைத்துக் காசு திரட்டி, இளைஞர்களை ஒருங்கிணைத்து, இரண்டு ஆண்டுகளில் ஒரு படத்தை முடித்துக் கொடுத்த மனிதரும் அவர்தான். அந்த மனிதரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

அவர் எப்படி இறந்தார்?

1987ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து தவறி விழுந்து, மே 31 அன்று உயிரிழந்தார். ஐம்பது வயது நிறையவில்லை. ‘அம்ம அறியான்’ வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எம்.பி. சீனிவாசனும் அடுத்த ஆண்டே மறைந்தார்.

எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

தமிழ் வாசகர்கள் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யிலிருந்தே தொடங்கலாம். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் தேய்ந்தவை; ஒலியும் சில இடங்களில் தெளிவாக இராது. முதல் கால் மணி நேரம் பொறுமை தேவைப்படும். உமாவின் பாத்திரத்தைக் குறிப்பாகக் கவனியுங்கள். ஊர் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும் படத்தில், நடந்தது அனைத்தையும் அறிந்த ஒரே ஆளுக்குப் பேச்சு கிடையாது.

அடுத்து ‘அம்ம அறியா’னுக்குப் போகலாம். அதை ஒரே அமர்வில், இடையில் நிறுத்தாமல் பாருங்கள். ஊர்வலத்தில் சேரும் ஒவ்வொரு இளைஞனும் புறப்படுவதற்கு முன் தன் வீட்டுக்குள் எட்டிப்பார்த்துத் தாயிடம் சொல்லிக்கொள்கிறான். எங்கே, எதற்கு என்ற விவரம் கேட்கும் தாயும் உண்டு, கேட்காத தாயும் உண்டு. ஹரியின் தாயை நாம் சந்திப்பதற்குள் இப்படி எத்தனையோ தாய்மார்களின் முகங்களைப் பார்த்து முடித்திருப்போம்.